மெயர்ஹோல்டைக் கொன்றது யார்?

கட்சியில் சேர்ந்து, கட்சிக்காக எதிரியின் சிறையில் கிடந்து, கட்சி வென்றபின் அதன் கொள்கையை மேடை மேடையாக முழங்கிய கலைஞன் ஒருவனை, அதே கட்சியின் பெயரால் அடித்து, "நான் துரோகி" என்று எழுதி வாங்கி, சுட்டுக் கொன்றார்கள் என்றால் நம்ப முடிகிறதா? நம்பித்தான் ஆகவேண்டும். நடந்தது அதுதான். கொல்லப்பட்டவர் வ்செவலோத் மெயர்ஹோல்ட். கொன்ற நாள் 1940 பிப்ரவரி 2. இடம் மாஸ்கோ.

இந்தக் கதையை நமது தோழர்களுக்குச் சொல்ல நம்மில் பலருக்குத் தயக்கம் உண்டு. "எதிரி இதை எடுத்து நம்மைத் தாக்குவானே, நாமே ஏன் பேச வேண்டும்?" என்கிறார்கள். எதிரி பேசத்தான் செய்கிறான். பல ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறான். நாம் வாய்மூடி இருந்ததால் அவன் ஒரு சொல்லையேனும் குறைத்துக்கொண்டானா? இல்லை. நாம் மௌனம் சாதித்ததால் நமது இளைஞர்கள் உண்மையை எதிரியின் வாயிலிருந்து, அவன் கலந்துவைத்த நஞ்சோடு சேர்த்துக் கேட்டார்கள். அதுதான் கண்ட பலன். எனவே நாமே பேசுவோம். மறைக்காமலும் மிகைப்படுத்தாமலும் பேசுவோம்.

யார் இந்த மெயர்ஹோல்ட்?

ருஷ்யாவில் பென்ஸா என்னும் ஊரில் 1874-ல் பிறந்தார். ஜெர்மன் வம்சாவளிக் குடும்பம். தகப்பனார் சாராய ஆலை முதலாளி. மகன் அந்தச் சொத்தின் பக்கம் போகவில்லை. சட்டம் படிக்க மாஸ்கோ பல்கலைக் கழகத்துக்கு வந்தவர், படிப்பை விட்டுவிட்டு நாடகப் பள்ளியில் சேர்ந்தார். 1898-ல் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியும் நெமிரோவிச் தான்சென்கோவும் மாஸ்கோ கலை நாடக சபையைத் தொடங்கியபோது, அதன் முதல் நடிகர்களில் இவரும் ஒருவர். செகாவின் 'கடற்பறவை' நாடகத்தில் திரெப்லெவ் என்ற இளைஞனாக வேஷம் கட்டினார். பழைய நாடகம் போதாது, புதிய வடிவம் வேண்டும் என்று தவிக்கும் பாத்திரம் அது. வேஷம் கலைந்த பிறகும் அந்தத் தவிப்பு அவரை விடவில்லை.

ஸ்தானிஸ்லாவ்ஸ்கியின் வழி என்ன? மேடையில் ஒரு வீட்டைக் காட்டினால் அது வீடாகவே இருக்கவேண்டும். நடிகன் பாத்திரமாகவே வாழவேண்டும். பார்ப்பவன் தான் நாடகக் கொட்டகையில் இருப்பதையே மறந்துவிட வேண்டும். மெயர்ஹோல்ட் இதை ஏற்கவில்லை. நாடகம் நாடகம்தான், பார்ப்பவன் அதை ஒரு கணமும் மறக்க வேண்டியதில்லை, மறக்காமல் விழித்திருந்து பார்ப்பவனே சிந்திப்பான் என்பது அவர் கட்சி. 1902-ல் ஆசானின் சபையை விட்டு வெளியேறினார். கெர்சோன் போன்ற தொலைவூர்களில் குழு அமைத்து நாடகம் போட்டார். பிறகு பீட்டர்ஸ்பர்க்கில் கமிஸார்ஷெவ்ஸ்கயா அம்மையாரின் நாடக சபையிலும், அதன்பின் 1908 முதல் ஜாரின் அரசாங்க நாடக சாலைகளிலும் டைரக்டராக இருந்தார். அங்கே பல ஆண்டுகள் உழைத்து லெர்மந்தவின் 'மாஸ்கரேட்' நாடகத்தைத் தயாரித்தார். அது அரங்கேறிய நாள் பழைய நாட்காட்டிப்படி 1917 பிப்ரவரி 25. உள்ளே பட்டும் பொன்னும் மின்னும் மேடை. வெளியே தெருவில் துப்பாக்கிச் சத்தம். ஜாரின் ஆட்சி அந்த வாரமே கவிழ்ந்தது.

புரட்சியின் பக்கம் வந்தவர்

அக்டோபர் புரட்சி வென்றது. கல்வி மந்திரி லுனசார்ஸ்கி கலைஞர்களை அழைத்தார். பெரும் பெயர் படைத்தவர்களெல்லாம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். போல்ஷ்விக்குகள் எத்தனை நாள் தாங்குவார்கள் பார்க்கலாம் என்று காத்திருந்தார்கள். வந்தவர்கள் ஒரு சிலரே. அந்தச் சிலருள் கவி பிளாக் இருந்தார், மாயகோவ்ஸ்கி இருந்தார், மெயர்ஹோல்டும் இருந்தார். 1918-ல் அவர் போல்ஷ்விக் கட்சியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 44. சாம்ராஜ்யத்தின் அரசாங்க மேடையில் உயர்ந்த பதவி வகித்தவர். கட்சியில் சேர்ந்து அவர் அடையக்கூடிய லாபம் எதுவும் அன்று இல்லை. இழக்கக் கூடியது நிறைய இருந்தது.

புரட்சியின் முதலாண்டு விழாவுக்கு, 1918 நவம்பர் 7-ல், மாயகோவ்ஸ்கியின் 'மிஸ்டரி பூஃப்' நாடகத்தைப் பெத்ரோகிராடில் அரங்கேற்றினார். பிறகு உடல்நலம் குன்றித் தெற்கே போனார். 1919-ல் வெள்ளைப் படையினர் அவரை நவரஸீஸ்கில் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். குற்றம் என்ன? போல்ஷ்விக் என்பதே குற்றம். உயிர் தப்பினார். 1920-ல் செம்படை அந்த ஊரைப் பிடித்தது. அதே ஆண்டில் லுனசார்ஸ்கி அவரை மாஸ்கோவுக்கு அழைத்து, நாடு முழுமைக்குமான நாடகப் பகுதியின் தலைமையை ஒப்படைத்தார். போர்வீரனின் மேலங்கியோடு வந்து அந்த வேலையில் அமர்ந்தார்.

1920 நவம்பரில் அவர் மாஸ்கோவில் 'விடியல்கள்' என்ற நாடகத்தைப் போட்டார். அந்தக் கொட்டகையைத் தோழர்கள் மனக்கண்ணில் பார்க்கவேண்டும். உள்நாட்டுப் போரின் கடைசிக் காலம். ரொட்டி இல்லை, விறகு இல்லை. கொட்டகையில் கணப்பு இல்லை. பனிக்காலத்தில் மக்கள் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தார்கள். வாசலில் டிக்கெட் கேட்பார் இல்லை. மேலே இருந்து துண்டுப் பிரசுரங்கள் விழுந்தன. நாடகத்தில் போர்ச் செய்தி சொல்லும் தூதன் ஒருவன் வருவான். ஒரு நாள் அந்தத் தூதன் நாடக வசனத்தை விட்டுவிட்டு, பெரெகோப் கோட்டையில் செம்படை வென்றது என்ற உண்மைச் செய்தியை வாசித்தான். கொட்டகை எழுந்து ஆர்ப்பரித்தது. மேடைக்கும் மக்களுக்கும் நடுவே இருந்த சுவர் அன்று இல்லாமற் போயிற்று. இதைத்தான் அவர் 'நாடக அக்டோபர்' என்று அழைத்தார்.

இங்கே ஒரு செய்தியைக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த நாடகத்தைக் கடுமையாகக் கண்டித்து 'பிராவ்தா'வில் ஒரு விமர்சனம் வந்தது. எழுதியவர் வேறு யாருமில்லை, லெனினின் துணைவியார் குரூப்ஸ்கயா. அதனால் மெயர்ஹோல்ட் கைது செய்யப்பட்டாரா? இல்லை. விமர்சனம் விமர்சனமாகவே இருந்தது. அவர் தொடர்ந்து வேலை செய்தார். 1923-ல் அவருக்கு 'மக்கள் கலைஞர்' என்ற பட்டமும் கிடைத்தது. அதே 'பிராவ்தா' 17 ஆண்டுகள் கழித்து அவரைப் பற்றி என்ன எழுதிற்று, அதன் முடிவு என்ன ஆயிற்று என்பதைப் பின்னால் பார்க்கப்போகிறோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அவர் தவறே செய்யாதவர் என்று நாம் சொல்லவில்லை. அந்த வெற்றிக் களிப்பில் அவர் பழைய நாடக சபைகளை எல்லாம் ஒரே வீச்சில் துடைத்தெறிய வேண்டும் என்றார். ஸ்தானிஸ்லாவ்ஸ்கியின் சபையையும் தைரோவின் சபையையும் ஏளனம் செய்தார். லுனசார்ஸ்கி அதற்கு இணங்கவில்லை. பழைய சபைகளைக் காப்பாற்றினார். மெயர்ஹோல்ட் 1921-ல் அந்தப் பதவியிலிருந்து விலகினார். மாற்றான் கலைக்கு இடமில்லை என்று பேசும் நாக்கு எவ்வளவு ஆபத்தானது என்பதைப் பிற்காலத்தில் அவரே தம் உடலில் அனுபவித்து அறிய நேர்ந்தது.

தொழிலாளியிடம் கற்ற நடிப்பு

அவரது நடிப்பு முறைக்கு 'பயோமெக்கானிக்ஸ்' என்று பெயர். பெயர் பெரிது, விஷயம் எளிது. பட்டறையில் கைதேர்ந்த தொழிலாளி ஒருவன் சம்மட்டி போடுவதைப் பாருங்கள். வீண் அசைவு ஒன்றும் இராது. உடல் நிலைகுலையாது. ஒரு தாளம் இருக்கும். புதிதாக வந்த பையன் அதே சம்மட்டியை எடுத்தால் பத்து அடியில் களைத்துப் போவான். இந்த வித்தியாசத்தைத்தான் மெயர்ஹோல்ட் நடிகனுக்குக் கற்பிக்க முயன்றார். நடிகனும் ஒரு உழைப்பாளி. அவன் கருவி அவன் உடல். அந்தக் கருவியை ஆளத் தெரியாதவன் உள்ளுக்குள் எவ்வளவு உருகினாலும் பயனில்லை என்றார்.

1922 ஏப்ரலில் 'பெருந்தன்மையுள்ள கணவன்' என்ற பிரெஞ்சு மொழி நாடகத்தை இந்த முறையில் போட்டார். திரைச்சீலை இல்லை. வர்ணம் தீட்டிய படுதா இல்லை. பின்னால் கொட்டகையின் வெறும் செங்கல் சுவர். மேடையில் ஏணிகள், தளங்கள், சறுக்குப் பலகை, சுழலும் சக்கரங்கள். அமைத்தவர் லியுபோவ் பப்போவா என்ற பெண் கலைஞர். ராஜா உடுப்பும் ஜரிகையும் போய், நடிகர்கள் எல்லோரும் நீல நிற வேலை உடுப்பில் வந்தார்கள். ஆலையிலிருந்து வந்து பார்த்தவனுக்குத் தன் உடுப்பே மேடையில் நின்றது.

அடுத்த ஆண்டு போட்ட 'பூமி நிமிர்கிறது' நாடகத்தில் நிஜ மோட்டார் சைக்கிள்களும் மோட்டார் வண்டியும் மேடைக்கு வந்தன. அந்த நாடகத்தைச் செம்படைக்கும், அன்று அதன் தலைவராயிருந்த திராத்ஸ்கிக்கும் சமர்ப்பணம் செய்தார். பிற்காலத்தில் அந்தச் சமர்ப்பணமே அவர்மீது ஏவிய குற்றங்களில் ஒன்றாயிற்று.

அவரது மிகப் பெரிய சாதனை என்று பலரும் சொல்வது, 1926 டிசம்பர் 9-ல் அரங்கேறிய கோகோலின் 'அரசாங்க இன்ஸ்பெக்டர்'. கதை எல்லோருக்கும் புரியக்கூடியது. ஒரு சிறிய ஊர். நகரத் தலைவன் முதல் நீதிபதி வரை எல்லோரும் லஞ்சம் வாங்குகிறவர்கள். தலைநகரிலிருந்து இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று வதந்தி. கையில் காசில்லாத ஊர்சுற்றி ஒருவனை இன்ஸ்பெக்டர் என்று எண்ணி எல்லோரும் அவன் காலில் விழுகிறார்கள். மெயர்ஹோல்ட் இதைச் சிரிப்பு மூட்டும் பழைய கூத்தாக விடவில்லை. மேடையைச் சுற்றிப் பளபளக்கும் மரக்கதவுகள் 15. லஞ்சம் கொடுக்கும் காட்சியில் அந்தக் கதவுகள் திறந்து, ஆள் தெரியாமல் கைகள் மட்டும் நீளும். ஒவ்வொரு கையிலும் பணம். கடைசியில் உண்மை இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார் என்ற செய்தி வரும். எல்லோரும் அப்படியே உறைந்து நிற்பார்கள். சற்று நேரம் கழித்துத்தான் பார்ப்பவருக்குத் தெரியும், நிற்பவர்கள் நடிகர்கள் அல்லர், பொம்மைகள் என்று. ஜாரின் அதிகார வர்க்கத்தைப் பற்றி இதைவிடக் கடுமையான குற்றப்பத்திரிகை எந்த மேடையிலும் வாசிக்கப்பட்டிருக்குமா என்பது சந்தேகமே.

ஆனால் அதிகார வர்க்கம் ஜாரோடு சேர்ந்து ஒழிந்துவிட்டதா? இங்கேதான் வினை தொடங்கியது.

1929-ல் மாயகோவ்ஸ்கியின் 'மூட்டைப்பூச்சி'யைப் போட்டார். இசை அமைத்தவர் 22 வயது இளைஞர் ஷஸ்தகோவிச். தொழிலாளி வர்க்கத்தில் பிறந்து, கட்சிச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே, சொகுசுக்கு ஆசைப்பட்டுப் பணக்கார வீட்டு மாப்பிள்ளையாகப் போகிறவனைக் கேலி செய்யும் நாடகம் அது. 1930 மார்ச்சில் 'குளியலறை'. அதில் வருகிறவன் ஒரு பெரிய அதிகாரி. வாய் நிறையப் புரட்சி. செய்கையில் கோப்பும் கையெழுத்தும் காரும் பயணப்படியும். எதிர்காலத்துக்குப் போகும் யந்திரம் புறப்படும்போது அது அவனைக் கீழே உதறிவிட்டுப் போய்விடும். பத்திரிகைகள் அந்த நாடகத்தைச் சாடின. ஒரு மாதம் செல்லுமுன், ஏப்ரல் 14-ல், மாயகோவ்ஸ்கி தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார்.

அதே 1930-ல் மெயர்ஹோல்ட் குழுவினரோடு பெர்லினுக்கும் பாரிசுக்கும் சென்றார். நாட்டை விட்டுப் போயிருந்த நடிகர் மிகையில் செகாவ் அவரைச் சந்தித்து, திரும்பிப் போகாதீர்கள், உயிருக்கு ஆபத்து என்று எச்சரித்ததாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார். மெயர்ஹோல்ட் திரும்பினார். அந்நிய ஒற்றன் என்று சொல்லி அவரைக் கொன்றவர்கள், கையில் கிடைத்த அந்நிய நாட்டை விட்டுவிட்டு அவர் ஏன் திரும்பி வந்தார் என்ற ஒரு கேள்விக்காவது பதில் சொல்லியிருக்க வேண்டாமா?

ஒரு கட்டுரையும் ஒரு பூட்டும்

1936 ஜனவரியில் 'பிராவ்தா' ஷஸ்தகோவிச்சின் இசை நாடகத்தைத் தாக்கித் தலையங்கம் எழுதியது. 'வடிவவாதம்' என்பது குற்றத்தின் பெயர். நாடு முழுவதும் கலைஞர்கள் கூட்டம் கூட்டமாக எழுந்து தம் தவறுகளை ஒப்புக்கொண்டார்கள். பக்கத்தில் இருப்பவரைக் காட்டிக் கொடுத்தார்கள். மார்ச் மாதம் லெனின்கிராடில் மெயர்ஹோல்ட் பேசினார். தம்மைக் காப்பியடித்து வெறும் வித்தை காட்டுகிறவர்களைக் கண்டித்தார். ஆனால் ஷஸ்தகோவிச்சைக் கைவிடவில்லை. மேடையிலேயே அவரை ஆதரித்துப் பேசினார். அது அன்று சாதாரணக் காரியம் அல்ல.

1937 புரட்சியின் இருபதாம் ஆண்டு. ஆஸ்திரோவ்ஸ்கியின் 'வீரம் விளைந்தது' நாவலை நாடகமாக்கித் தயாரித்தார் மெயர்ஹோல்ட். தன் உடல் கருகினாலும் புரட்சியின் வேலையை விடாத இளம் கம்யூனிஸ்டின் கதை. மேலிடத்திலிருந்து வந்து ஒத்திகை பார்த்தார்கள். தடை செய்தார்கள். அதன்பின் டிசம்பர் 17-ல் 'பிராவ்தா'வில் 'அந்நிய நாடக சபை' என்ற தலைப்பில் கட்டுரை வந்தது. அதன் முதற் குற்றச்சாட்டு என்ன தெரியுமா? சோவியத் நாட்டின் 700 நாடக சபைகளில், இருபதாம் ஆண்டு விழாவுக்கென நாடகம் போடாத சபை மெயர்ஹோல்டின் சபை ஒன்றுதான் என்பது! போட்ட நாடகத்தைத் தடுத்தவர்களே, நாடகம் போடவில்லை என்று குற்றம் சாட்டினார்கள்.

கட்டுரையை எழுதியவர் கெர்ஷன்த்ஸெவ். கலைகளை நிர்வகிக்கும் அரசாங்கக் கமிட்டிக்குத் தலைவரும் அவரே. 1938 ஜனவரி முதல் வாரத்தில் அந்தக் கமிட்டி மெயர்ஹோல்டின் கொட்டகையை மூடிவிட்டது. குற்றம் சாட்டியவரும் தீர்ப்பளித்தவரும் ஒருவரே. அதே மாதம் அவரும் பதவி இழந்தார் என்பது வேறு கதை.

தெருவில் கண்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன அந்த நேரத்தில் ஒருவர் மட்டும் கதவைத் திறந்தார். 75 வயது, நோயாளி, வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர். 1902-ல் மெயர்ஹோல்ட் எவரை விட்டுப் பிரிந்தாரோ, 1920-ல் எவரது கலையை ஏளனம் செய்தாரோ, அந்த ஸ்தானிஸ்லாவ்ஸ்கிதான். தம் இசை நாடக சபையில் அவருக்கு வேலை கொடுத்தார். வாழ்நாள் முழுதும் கொள்கையில் எதிரெதிராக நின்றவர்கள் அவர்கள். கருத்து வேற்றுமை என்பது பகை அல்ல என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா? ஆனால் 1938 ஆகஸ்டில் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி காலமானார். இருந்த ஒரே நிழலும் போயிற்று.

1939 ஜூன் மாதம் மாஸ்கோவில் டைரக்டர்கள் மாநாடு. அதில் மெயர்ஹோல்ட் வீர கர்ஜனை செய்ததாக ஒரு கதை பின்னாளில் வெளிநாடுகளில் பரவிற்று. அது உண்மையல்ல. மாநாட்டின் குறிப்புகள் வெளிவந்தபோது தெரிந்தது, அவர் தம் தவறுகளைச் சொல்லி, பணிவாகவே பேசினார் என்று. அவர் எதிர்க்கவும் இல்லை, சதி செய்யவும் இல்லை. வேலை செய்யவே விரும்பினார். ஜூன் 20-ல் லெனின்கிராடில் அவரைக் கைது செய்தார்கள். நான்கு வாரங்கள் ஆகுமுன், ஜூலை 15 விடியுமுன், அவர் மனைவியும் பெயர்பெற்ற நடிகையுமான ஸினாயிதா ரெய்ஹ் மாஸ்கோவில் தம் வீட்டிலேயே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்.

சிறைக்குள்ளிருந்து வந்த கடிதம்

சிறையில் என்ன நடந்தது என்பதை அவரே எழுதிவைத்தார். 1940 ஜனவரியில் பிரதம மந்திரி மாலதவுக்கு அவர் எழுதிய மனு ஆவணங்களில் கிடைத்திருக்கிறது. 65 வயது நோயாளியான தம்மைத் தரையில் குப்புறப் போட்டு, ரப்பர் வாரினால் உள்ளங்காலிலும் முதுகிலும் அடித்ததையும், அடுத்தடுத்த நாட்களில் ரத்தம் கட்டி நீலம் பாரித்த அதே இடங்களில் மீண்டும் மீண்டும் அடித்ததையும், கொதிநீர் ஊற்றியதுபோல் வலித்ததையும், வலி பொறுக்கமாட்டாமல் கதறியதையும் அதில் சொல்லுகிறார். அந்த நிலையில் தான் எழுதிக்கொடுத்ததெல்லாம் பொய் என்கிறார். பிரிட்டனுக்கும் ஜப்பானுக்கும் ஒற்று வேலை செய்ததாக ஒப்புக்கொள்ள வைத்திருந்தார்கள். பாஸ்தர்நாக், எரன்பர்க் போன்ற எழுத்தாளர்களின் பெயர்களையும் சொல்ல வைத்திருந்தார்கள். அவை அத்தனையையும் அவர் திரும்பப் பெற்றார். தன் உயிர் போகும் என்று தெரிந்திருந்தும் மற்றவர்மீது விழுந்த பழியைத் துடைக்க முயன்றார். தோழர் என்ற சொல்லுக்கு அவர் தகுதியுள்ளவர் என்பதற்கு இது ஒன்றே போதும்.

மனு பயன்படவில்லை. பிப்ரவரி 1-ல் ராணுவ நீதிமன்றம் விசாரணை என்ற பெயரில் ஒரு சடங்கை நடத்திற்று. வழக்கறிஞர் இல்லை, சாட்சி இல்லை. மறுநாள் சுட்டார்கள். சாம்பல் தான்ஸ்கோய் மயானத்தில் பொதுக்குழியில். சில நாட்களுக்கு முன்னே, ஜனவரி 27-ல், எழுத்தாளர் ஐசக் பாபெலையும் இவ்வாறே கொன்றிருந்தார்கள்.

1955 நவம்பரில் சோவியத் ராணுவ நீதிமன்றமே மெயர்ஹோல்ட் குற்றமற்றவர் என்று தீர்ப்பைத் திருத்திற்று. அப்போதும் முழு உண்மை வரவில்லை. அவர் 1942-ல் மாரடைப்பால் இறந்ததாகக் குடும்பத்துக்குப் பொய்ச் சான்றிதழ் கொடுத்தார்கள். கொன்ற நாளும் கொன்ற விதமும் வெளிப்பட 1980-களின் இறுதி வரை ஆயிற்று.

கொன்றது யார்?

பெரியா என்கிறார்கள். கைது உத்தரவு அவன் போட்டது; உண்மை. ஸ்டாலின் என்கிறார்கள். அவர் அறியாமல், அவர் ஒப்பாமல் இது நடந்திராது, அதுவும் உண்மை. ஆனால் இரண்டு பெயரைச் சொல்லிவிட்டு நாம் கையைக் கழுவிக்கொள்ள முடியுமா? கொட்டகையை மூடவேண்டும் என்று கூட்டத்தில் கை தூக்கியவர்கள் யார்? அவரிடமே தொழில் கற்று, அவரைக் கண்டித்துப் பேசியவர்கள் யார்? காலையில் கட்டுரையைப் படித்துவிட்டு, கட்சிப் பத்திரிகை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வேலைக்குப் போனவர்கள் யார்?

நாமும் ஒரு கட்சிப் பத்திரிகை. ஆகவேதான் இதை எழுதும்போது நமக்குக் கை நடுங்குகிறது. அவரை அழித்த வேலை சிறையில் தொடங்கவில்லை. ஒரு பத்திரிகைக் கட்டுரையில் தொடங்கியது. 'அந்நியன்', 'மக்கள் விரோதி', 'எதிரியின் கையாள்' என்ற சொற்களை அச்சுக் கோர்ப்பது எளிது. ஒரு மனிதனின் வேலையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, அவன் யார் பக்கத்து ஆள் என்று பேசத் தொடங்கிய கணமே விமர்சனம் செத்துப் போகிறது. அதன்பின் நடப்பது வேட்டை.

"அது யுத்த அபாயக் காலம், ஹிட்லர் வாசலில் நின்றான்" என்று சமாதானம் சொல்வோர் உண்டு. ஹிட்லர் நின்றது உண்மை. அந்த ஹிட்லரை எதிர்க்க ஒரு கிழ டைரக்டரின் உள்ளங்காலில் அடிப்பது எப்படி உதவிற்று? நாட்டின் சிறந்த மூளைகளையும் சிறந்த தளபதிகளையும் கொன்றதால் பலம் கூடிற்றா, குறைந்ததா? "தொழிலாளிக்கு அவர் நாடகம் புரியவில்லை" என்போரும் உண்டு. அவரது சில நாடகங்கள் கடினமானவை; சில தோற்றன. இருக்கட்டும். புரியாத நாடகத்துக்குத் தொழிலாளி டிக்கெட் வாங்கமாட்டான். அது அவன் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை அவனிடமிருந்து பிடுங்கி, அவன் பெயரால் ஒரு அதிகாரி தீர்ப்பெழுதினால், அங்கே பறிபோனது கலைஞனின் உரிமை மட்டுமல்ல, தொழிலாளியின் உரிமையும்தான்.

எனவே தோழர்கள் மூன்று விஷயங்களை மனத்தில் வைக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று: கலையைக் கலையால் எதிர்ப்போம், கருத்தைக் கருத்தால் எதிர்ப்போம். பூட்டும் போலீசும் விமர்சனம் ஆகா.

இரண்டு: அடித்து வாங்கிய வாக்குமூலம் எந்த ஆட்சியில் வாங்கினாலும் வாக்குமூலம் அல்ல. முதலாளியின் போலீஸ் நமது தோழனை அடித்தால் கொதிக்கிறோம். அந்தக் கொதிப்புக்கு விதிவிலக்கு கிடையாது.

மூன்று: கட்சியில் ஒருவனைப் பற்றிக் கண்டனம் எழும்போது, அவன் சொல்வதையும் கேட்கும்வரை கை தூக்காதீர்கள். தூக்கிய கையை வரலாறு எண்ணி வைத்துக்கொள்கிறது.

துணிந்தவர்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் நாம் நேர்மையற்றவர்கள் ஆவோம். மெயர்ஹோல்டின் மாணவர் ஸெர்கேய் ஐஸன்ஸ்டீன், 'போர்க்கப்பல் பொதெம்கின்' படம் எடுத்த அதே ஐஸன்ஸ்டீன், ஆசானின் கையெழுத்துப் பிரதிகளையும் ஒத்திகைக் குறிப்புகளையும் தம் கிராமத்து வீட்டில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். கண்டுபிடித்திருந்தால் அவர் கதியும் அதுவாகவே முடிந்திருக்கும். இன்று உலகம் மெயர்ஹோல்டின் முறையைப் படிக்கிறதென்றால், அந்தக் காகிதங்களால்தான் படிக்கிறது.

மெயர்ஹோல்ட் தமக்கென்று மாஸ்கோவில் ஒரு புதிய நாடக சாலை கட்டத் திட்டமிட்டிருந்தார். 'விடியல்கள்' நாடகத்தில் பெரெகோப் வெற்றியைக் கேட்டு மக்கள் எழுந்து ஆர்ப்பரித்தார்களே, அந்தப் பழைய கொட்டகை இருந்த இடத்திலேயே கட்டடம் எழுந்தது. மக்கள் மேடையின் மூன்று புறமும் அமர்ந்து பார்க்கும்படியான அரங்கம் அது. முடிவதற்குள் அவரைக் கொன்றுவிட்டார்கள். அவர் சுடப்பட்ட அதே 1940-ல் அது இசை மண்டபமாகத் திறக்கப்பட்டது. சைகோவ்ஸ்கியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அங்கே இசை கேட்கப் போகிறவர்கள் அமர்வது மெயர்ஹோல்ட் தொழிலாளிக்காகக் கற்பனை செய்த அரங்கத்தில். அந்தக் கடனை நாமும் மறக்கலாகாது.